மஞ்சள் மீனுக்குக் கூகைக்கட்டு

சவர்க்காரம் நுரைக்காத கிணறு என்றால் என்ன என்று தீவுப்பகுதியில் பிறந்த எங்கள் வயதுக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. தலையில் வார்த்தால் மயிர் தும்பாகிவிடும். அந்தத் தண்ணீரில் தேநீர் போட்டால் பால் திரையும். எங்கள் வீட்டுக் கிணறு அந்த இனம். இறுப்பிட்டியில் எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் அப்படித்தான். தோய்க்கவும் மாட்டுக்கு வைக்கவும் அது போதும். குடிக்கவும் சமைக்கவும் கோவிலடி மணற்கிணற்றுக்குப் போகவேண்டும். அந்த இரண்டு கிணறுகளுக்கும் இடையில் ஒரு கோடை முழுவதும் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். கூடவே ஒன்பது ஆபிரிக்க மீன்கள் பட்ட பாட்டையும்.

எனக்கு அப்போது பதினொரு வயது. தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்த பெரியப்பா, அங்கே தமிழருக்கு எதிராகக் குழப்பம் வந்த பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். கலியாணம் செய்யாதவர். வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வருவார். வரும்போது வீடு நிறையப் பெட்டிகளும் பேச்சும் வரும். இந்தமுறை பஸ்சால் இறங்கியபோது அவர் கையில் இரண்டு பிளாஸ்டிக் கான்கள் மட்டும் இருந்தன. எண்ணெயாக்கும் என்று அம்மா குசினிக்குக் கொண்டுபோகக் கை நீட்டினா.

"ஆட்டாதேங்கோ, பிள்ளை. மீன் கிடக்கு" என்றார் பெரியப்பா.

தீவுக்கு மீன் கொண்டுவந்த ஆளை அன்றுதான் ஊர் கண்டது. பின்னேரம் வரைக்கும் சனம் வந்து வந்து பார்த்தது. "இதைச் சாப்பிடலாமோ?" என்பதுதான் எல்லாருடைய முதற் கேள்வியும். விரல் நீளம்தான் இருக்கும். ஒன்று, சொட்டு நீலம் போட்ட தண்ணீரைப்போல நீலமாக, உடம்பில் கறுப்புப் பட்டைகளோடு இருந்தது. இரண்டு மூன்று செம்மஞ்சள். ஒன்று மட்டும் பூவரசம்பூவைப்போல முழு மஞ்சள். ஆபிரிக்காவில் ஒரு பெரிய வாவியில் வாழுகிற மீன்கள் என்றும், தன் கடையில் வாசலோடு கண்ணாடித் தொட்டியில் இருந்தவை என்றும் பெரியப்பா சொன்னார். அதற்கு மேல் கடையைப்பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எப்படி வெளிக்கிட்டார், யாரோடு வந்தார் என்று அப்பா கேட்டுப் பார்த்தார். பெரியப்பா எழுந்து போய் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

யாழ்ப்பாணத்தில் கண்ணாடி வெட்டி, இரும்புச் சட்டம் ஒட்டித் தொட்டி செய்து வருவதற்கு மூன்று கிழமை எடுத்தது. அதுவரை மீன்கள் அம்மாவின் நெல்லவிக்கும் கிடாரத்தில் இருந்தன. அம்மாவின் கோபம் அந்தக் கிடாரத்தில்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

"கடை போச்சு, கட்டில் போச்சு, மீனை மட்டும் காவிக்கொண்டு வந்திருக்கிறார்" என்று அப்பாவிடம் மெதுவாகச் சொல்லுவா. "அத்தானுக்கு உள்ளுக்கை ஏதோ தட்டிப்போச்சு. நீங்கள்தான் பார்க்கிறியள் இல்லை."

பெரியப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. சவரம் செய்வதில்லை. விறாந்தையில் தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தால், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழும்பமாட்டார். அவரைப் பார்க்க வந்த சொந்தக்காரர் மீனைப் பார்த்துவிட்டு, அவரைப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள்.

அவரோடு சினேகிதமாக இருந்தவர் ஒருவர்தான்: ஆஸ்பத்திரியில் வருத்தம் பார்த்து மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி. நெட்டையான மனிதர், எந்த நேரமும் டெற்றோல் மணக்கும். எங்கள் பக்கம் அப்போது மின்சாரம் வரவில்லை; தொட்டிக்குக் காற்று விடும் மோட்டருக்கு வழியில்லை. அப்போதிக்கரி ஒரு பழைய லொறி ரியூப்பும், சேலைன் ஏற்றுகிற குழாய் ஒன்றும் கொண்டுவந்தார். ரியூப்பைச் சைக்கிள் பம்பால் ஊதி நிரப்பி, அதன் வாயில் அந்தக் குழாயை மாட்டி, அதிலிருந்த சின்னச் சக்கரத்தை இறுக்கிவிட்டால் தொட்டிக்குள் பொட்டுப் பொட்டாகக் காற்று வரும். பள்ளிக்கூடம் போக முன்னம் ஒருமுறை, வந்து ஒருமுறை ரியூப்பை ஊதுவது என் வேலை. சூடேறிய றப்பர் மணமும், பம்பின் பிடி உள்ளங்கையில் கொடுத்த எரிவும் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

மற்ற வேலை தண்ணீர். கிழமைக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றவேண்டும். "உவர்த் தண்ணி வார்த்தால் இதுகள் ஒரு நாளும் தாங்காது. கோயிலடித் தண்ணிதான் வேணும்" என்று பெரியப்பா சொன்னார். அப்போதிக்கரியும் ஓமென்றார். படித்த இரண்டு மனிதர்கள் சொன்னால் சரியாகத்தானே இருக்கும். நான் குடத்தோடு கோவிலடிக்கு ஆறு நடை நடந்தேன்.

பங்குனி கழிந்ததும் கோவிலடிக் கிணறு வற்றத் தொடங்கியது. அடியில் ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் கோலிக் குடத்தை நிரப்பவேண்டும். பெண்கள் வரிசையாகக் குடங்களை வைத்துவிட்டு நிழலில் இருப்பார்கள். நான் மூன்றாம் தரம் போனபோது ஒரு மாமி கேட்டா:

"என்னடி பிள்ளை, வீட்டிலை கொண்டாட்டமோ? இவ்வளவு தண்ணி?"

நான் குடத்தை வரிசையில் வைத்தேன். இன்னொருத்தி சொன்னா: "பெரியப்பன்ரை மீனுக்கெல்லே! எங்கடை குஞ்சுகுருமனுக்குக் குடிக்கத் தண்ணி இல்லை. ஆபிரிக்காக்காரருக்கு நல்லதண்ணி கேக்குதாம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் சொன்னதில் பிழையில்லை என்று எனக்கும் தெரிந்தது. அதுதான் இன்னும் சுட்டது. வெறுங்குடத்தோடு திரும்பி வந்தேன். வீட்டுப் படலையைத் திறந்து, பின்பக்கத்தால் சுற்றிப் போய், எங்கள் கிணற்றில் துலாவை இழுத்து அள்ளிக் குடத்தை நிரப்பினேன். கோவிலடிக்குப் போய்வருகிற நேரம் போகட்டும் என்று வைக்கோற் போருக்குப் பின்னால் குந்தியிருந்தேன். பிறகு மூச்சு வாங்குவதுபோல நடித்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தேன்.

"வை, பிள்ளை. களைச்சுப்போனாய்" என்றார் பெரியப்பா.

அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. காலையில் எல்லா மீனும் மிதக்கும் என்று நினைத்தேன். ஒன்பதில் இரண்டு அதற்கு முன்னமே செத்திருந்தன, நல்லதண்ணீரில் இருக்கும்போதே. மிஞ்சியது ஏழு. விடிய எழும்பி ஓடிப்போய்ப் பார்த்தேன். ஏழும் நின்றன. அடுத்த கிழமையும் எங்கள் கிணறுதான். அதற்கடுத்த கிழமையும்.

அப்படியே ஒரு மாதம் போக, மீன்களின் நிறம் மாறத் தொடங்கியது. அதுவரை செட்டையை மடக்கிக்கொண்டு அடியில் கிடந்தவை மேலே வந்து ஓடித் திரிந்தன. நீலம் இன்னும் நீலமாகியது; கறுப்புப் பட்டைகள் மையால் கீறியதுபோலத் தெரிந்தன. செம்மஞ்சள்கள் ஒன்றையொன்று துரத்திச் சண்டை பிடித்தன. ஒளிக்க இடம் வேண்டும் என்று பெரியப்பா சொல்ல, வேலிக்கரையில் இடிந்து கிடந்த மதிலிலிருந்து ஓட்டை ஓட்டையான முருகைக்கற்களைப் பொறுக்கிக் கொடுத்தேன். அவற்றைத் தொட்டிக்குள் அடுக்கியதும் ஒவ்வொரு மீனும் ஒவ்வொரு ஓட்டையைப் பிடித்துக்கொண்டது.

பெரியப்பாவும் மாறினார். சவரம் செய்தார். ஒருநாள் சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். அம்மா அகப்பையோடு நின்று அவரைப் பார்த்தா. பின்னேரங்களில் அப்போதிக்கரியோடு கதைப்பார். கடைத்தெரு, அங்கே மழை பெய்கிற விதம், பக்கத்துப் பேக்கரியில் விடிய வருகிற பாண் வாசம் என்று கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மீன்களைப்பற்றி யாராவது கேட்டால் நிமிர்ந்து இருந்து சொல்லுவார்:

"எல்லாம் தண்ணியிலைதான் இருக்கு. கோயிலடித் தண்ணியின்ரை திறம். இந்தப் பிள்ளை கொண்டுவந்து ஊத்துறாள்."

என்னைக் கூப்பிட்டு, வந்தவர்களுக்கு முன்னால் தலையைத் தடவுவார். நான் பம்பை எடுக்கிற சாட்டில் நழுவிவிடுவேன். பொய்யை நிற்பாட்டவும் ஏலாது. கோவிலடிக்குப் போனால் சிரிக்கிறார்கள். போகாவிட்டால் மீன் நன்றாயிருக்கிறது. பதினொரு வயதில் இதை யாரிடம் போய்க் கேட்பது?

ஆனி மாதக் கடைசியில் அந்த மஞ்சள் மீன் சாப்பிடுவதை நிறுத்தியது. இறால் கருவாட்டை இடித்துப் போட்டால் மற்றவை பாய்ந்து வரும், அது வராது. கல்லுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றது. வாய்க்குக் கீழே, நாடிப் பக்கம் வீங்கியிருந்தது. வாயை இறுக்கி மூடி வைத்துக்கொண்டு, எதையோ மெல்லுவதைப்போலத் தாடையை மட்டும் அசைத்தது.

அப்போதிக்கரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"பிள்ளையளுக்குக் கன்னம் வீங்குமே, அந்தக் கூகைக்கட்டுப்போலை கிடக்கு" என்றார்.

"மீனுக்கும் கூகைக்கட்டு வருமோ, ஐயா?" என்று கேட்டார் பெரியப்பா.

"எங்களுக்கு வாறது அதுக்கு வரக்கூடாது எண்டு சட்டமோ? ஒட்டக்கூடிய வருத்தம். உடனை வேறையாக்கும்."

வெள்ளை எனாமல் பேசின் ஒன்றில் தொட்டித் தண்ணீரை விட்டு மஞ்சளை அதற்குள் மாற்றினோம். அப்போதிக்கரி தந்த புண் கழுவுகிற ஊதாக் கொண்டிஸ் தூளில் ஒரு சிட்டிகை கரைத்து ஊற்றினோம். தண்ணீர் றோசா நிறமானது. பெரியப்பா முகத்தில் பழைய இருட்டு வந்துவிட்டது.

"தண்ணியிலை பிழை ஒண்டும் இராதே? கோயிலடித் தண்ணிதானே, பிள்ளை?"

"ஓம்" என்றேன்.

இரண்டு நாள் அந்த ஓமோடு திரிந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தேன்.

"பெரியப்பா, அது கோயிலடித் தண்ணி இல்லை. எங்கடை கிணத்துத் தண்ணி."

அவர் கை கோப்பையில் நின்றது. "எப்ப துவங்கி?"

"சித்திரையிலை இருந்து."

அப்பா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். அடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கினேன். அதற்கிடையில் குசினி வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அவளை அடியாதேங்கோ. எனக்கு முதல் நாளே தெரியும். வைக்கல் போருக்குப் பின்னாலை குடத்தோடை குந்தியிருந்ததைக் கண்டனான்."

"தெரிஞ்சுகொண்டோ பேசாமல் இருந்தனீர்?" என்று அப்பா கேட்டார்.

"ஓம்." அம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றா. அவவின் முகம் சிவந்திருந்தது. "உவர்த் தண்ணியிலை கிடந்து செத்துத் துலையட்டும் எண்டுதான் விட்டனான். அதுகள் போனால் அத்தான் பிறகாவது எங்கடை முகத்தைப் பார்த்து ஒரு கதை கதைப்பார் எண்டு நினைச்சன். வந்த நாளிலை இருந்து இந்த வீட்டிலை ஆரோடையாவது கதைச்சவரோ? அங்கை என்ன நடந்தது, எப்பிடித் தப்பினனீங்கள் எண்டு எங்களுக்கு ஒண்டும் தெரியாது. நாங்களும் மனிசர்தானே."

ரியூப்பிலிருந்து காற்று வருகிற சத்தம் விறாந்தையில் கேட்டது.

பெரியப்பா கையைக் கழுவினார். கிணற்றடிக்குப் போய்த் துலாவை இழுத்தார். ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்து, முகத்தைச் சுளித்துத் துப்பினார். திரும்பி வந்து தொட்டிக்கு முன்னால் நின்று, ஓடித் திரிகிற ஆறு மீன்களையும் பார்த்தார்.

"நீங்கள் சாகட்டும் எண்டு விட்ட தண்ணியிலைதான் பிள்ளை, இதுகள் பிழைச்சிருக்குதுகள்" என்றார் அம்மாவிடம்.

கோபமாகச் சொன்னாரா என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவர் சிரித்தார். ஊருக்கு வந்தபிறகு அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல். சிரிப்பு முடிய முன்னமே கதிரையில் இருந்து முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார். அப்பா பக்கத்தில் போய் இருந்தார். என்னை வெளியே போகச் சொன்னார்கள். அன்று பொழுது சாயும்வரை மூன்று பேரும் விறாந்தையில் இருந்து கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் முழுதாகத் தெரியாது.

அடுத்த நாட் காலையில் நான் எழும்பும்போது, தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு வாளி உவர்த் தண்ணீர் நின்றது. அள்ளி வைத்தவ ஒன்றும் தெரியாதவபோலக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா.

மஞ்சளுக்கு மட்டும் சுகம் வரவில்லை. கொண்டிஸ் போடுவதை நிறுத்தி, கிணற்றுத் தண்ணீரில் விட்டோம். பேசினைக் குசினிப் பக்கத்து நிழலில் வைத்து, ஒரு கல்லும் போட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதற்குப் பக்கத்தில்தான் இருப்பேன். பத்து நாள், பன்னிரண்டு நாள், பதினைந்து நாள். வயிறு ஒட்டி முதுகு தெரிந்தது. ஒரு துணுக்குக்கூட வாயில் வைக்கவில்லை. "கோழிக்குப் போடுங்கோ, பாவம், கிடந்து உத்தரியாமல்" என்று வந்தவர்கள் சொன்னார்கள். அம்மாதான், "உயிர் கிடக்குமட்டும் கிடக்கட்டும்" என்றா.

பதினெட்டாம் நாள் மத்தியானம். வெயில் பேசினுக்குள் நேராக விழுந்தது. மஞ்சள் வாயைத் திறந்தது. உள்ளிருந்து புகைபோல ஏதோ வெளியே வந்து பரந்தது. குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண் இருந்தது.

"பெரியப்பா! குஞ்சு! குஞ்சு!"

அவர் ஓடி வந்தார். அவருடைய நிழல் பேசினில் விழுந்ததும் குஞ்சுகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. மஞ்சள் வாயைத் திறந்தது. குஞ்சுகள் அதற்குள் போகத் தொடங்கின.

"ஐயோ, தின்னுறாள்! பெத்ததுகளைத் தின்னுறாள்!"

பெரியப்பா கத்திக்கொண்டு இரண்டு கையையும் பேசினுக்குள் விட்டு மஞ்சளைப் பிடித்தார். பிடித்த பிடியில் அது மிச்சக் குஞ்சுகளையும் துப்பியது. ஓடிப்போய் அதைப் பெரிய தொட்டியில் போட்டுவிட்டு வந்து, பேசினுக்கு மேலே குனிந்து குஞ்சுகளை எண்ணினார். பதினேழு. "தப்பிட்டுதுகள், தப்பிட்டுதுகள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் கை தட்டினேன்.

பதினெட்டு நாட் பட்டினியில் கிடந்த மீனுக்குத் தொட்டியில் ஓட்டை ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. நீலம் அதைத் துரத்தியது. செம்மஞ்சள்கள் துரத்தின. அடுத்த நாட் காலை, செட்டை கிழிந்து தண்ணீரின் மேல் கிடந்தது. முருங்கைக்குக் கீழே கிடங்கு வெட்டித் தாட்டோம். நான் அழவில்லை. பெற்ற பிள்ளையைத் தின்கிற தாய்க்கு ஏன் அழவேண்டும்? ஊரெல்லாம் அந்தக் கதைதான். கோவிலடியில் என்னைப் பார்த்துச் சிரித்த மாமி, "அப்பிடியும் ஒரு தாயோ!" என்று வாயில் கை வைத்தா.

தை மாதம் நான் யாழ்ப்பாணத்துக்கு விடுதிப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். பதினேழும் வளர்ந்து, அவற்றுக்கும் குஞ்சுகள் வந்து, ஹோர்லிக்ஸ் போத்தல்களில் வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு வரைக்கும் போனதாக அம்மா எழுதுவா. சில வருடங்களில் பெரியப்பா யாழ்ப்பாணத்தில் சின்ன வளர்ப்பு மீன்கடை போட்டார். பிறகு வந்த யுத்த காலம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். கடையும் தொட்டியும் எங்கே போயின என்று ஆரும் தேடவில்லை.

நான் அந்த மீனைத் திரும்பக் கண்டது போன வருடம், கொழும்பில் மகள் வீட்டில். பெரிய தொட்டி, மின்விளக்கு, அதே மஞ்சள். ஒரு மீனின் நாடி வீங்கியிருந்தது. "இதுக்குக் கூகைக்கட்டு" என்றேன். மகள் சிரித்தாள்.

"இல்லை அம்மா, வாய்க்குள்ளை முட்டை வைச்சிருக்கு. பொரிச்சுக் குஞ்சு வந்து நீந்துமட்டும் சாப்பிடாது. பிறகும் ஏதாவது பயமெண்டால் வாயைத் திறந்து குஞ்சுகளைத் திரும்ப உள்ளுக்கை எடுக்கும்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். இந்த மீன்களுக்குச் சவர்க்காரம் நுரைக்காத சுண்ணாம்புத் தண்ணீர்தான் வேண்டும் என்றும் அவள் ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். என் காதில் அது ஏறவில்லை.

பெரியப்பா இப்போது கொக்குவிலில் என் தம்பி வீட்டில் இருக்கிறார். தொண்ணூறைத் தொட்டுவிட்டார், ஒரு கண் தெரியாது. சித்திரையில் பார்க்கப் போனபோது, இதைச் சொல்வதா விடுவதா என்று வழியெல்லாம் யோசித்தேன். இந்த வயதில் அவருக்கு இது ஏன்? போய்க் கால்மாட்டில் இருந்தேன். மகள் மீன் வளர்க்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

"மஞ்சளும் இருக்கோ?" என்று கேட்டார்.

"ஓம், இருக்கு."

"அவள் தின்னேல்லை, பிள்ளை" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நீ படிக்கப் போன பிறகு இன்னொண்டுக்கு வாய் வீங்கினது. அந்தமுறை நான் கை வைக்கேல்லை. தள்ளி நிண்டு பார்த்தன். ஒரு சத்தம் கேட்டால் எல்லாத்தையும் வாய்க்குள்ளை எடுக்கும், பிறகு விடும். அண்டைக்கே விளங்கிட்டுது."

"ஏன் பெரியப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ அழுவாய். உன்ரை கொம்மாவுக்குச் சொல்ல வெக்கம். அவள் தின்னுறாள் எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டன். எந்த வாயாலை மாத்திச் சொல்லுறது?" தெரிகிற கண்ணை என் பக்கம் திருப்பினார். "நீ பேப்பரிலை ஏதோ எழுதுறனி எண்டு தம்பி சொன்னான். ஏலுமெண்டால் அதை ஒருக்கால் எழுதிவிடு. பிழை என்ரை எண்டும் எழுது."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். இறுப்பிட்டியில் அந்தக் கதையைக் கேட்டவர்கள் கனடாவிலோ லண்டனிலோ எங்கேயாவது இருந்தால், தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். அந்த மஞ்சள் மீன் தன் குஞ்சுகளைத் தின்னவில்லை. நாங்கள் பயப்படுத்தினோம், அவள் அவற்றை உள்ளே எடுத்தாள்.